நல்ல கண்ணையும் அளந்தீர்களா?

எங்கள் பெரியம்மாவுக்கு அது தலைவலியாகத்தான் ஆரம்பித்தது. கல்யாண வீட்டில் சாயங்காலம் வரை பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தவர், இருட்டியதும் வலது நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "லைட்டைச் சுத்தி வானவில் மாதிரி வளையம் வளையமாத் தெரியுதுடா தம்பி" என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை, நானும்தான். இரண்டு தடவை வாந்தி எடுத்ததும் பித்தம் என்று தீர்ப்பெழுதிவிட்டோம். பக்கத்துத் தெரு கிளினிக்கில் வாந்திக்கு ஓர் ஊசி, தலைவலிக்கு ஒரு மாத்திரை. மறுநாள் காலையில் கண் செக்கச்செவேலென்று சிவந்து, கருவிழி ஆவி படிந்த கண்ணாடிபோல மங்கியிருந்தது. கண் மருத்துவமனையில் அழுத்தம் பார்த்தார்கள். 58. இருக்க வேண்டியது 10 முதல் 21.

மருந்து கொடுத்து அழுத்தம் கொஞ்சம் இறங்கியதும் டாக்டரம்மா செய்த அடுத்த காரியம் எங்களுக்கு விநோதமாக இருந்தது. வலியே இல்லாத இடது கண்ணை அளக்கச் சொன்னார். "நோவு ஒரு கண்ணுல, அளவு இன்னொரு கண்ணுலயா?" என்று பெரியம்மா முணுமுணுத்தார். இந்தக் கட்டுரை அந்த முணுமுணுப்புக்குப் பதில்.

கண்ணுக்குள் ஒரு நீரோட்டம் இருக்கிறது. அழும்போது வழியும் கண்ணீர் வேறு, இது வேறு. நிறமுள்ள திரையான ஐரிஸுக்குப் பின்னால் சுரக்கும் இந்த நீர், லென்ஸைத் தடவிக்கொண்டு நடுவிலுள்ள பாப்பா வழியாக முன்னறைக்கு வருகிறது. கருவிழியும் ஐரிஸும் சேரும் மூலைக்குக் கோணம் என்று பெயர். அங்கேயுள்ள சல்லடை வழியாக நீர் வெளியேறிவிடும். சுரப்பதும் வடிவதும் சமமாக இருக்கும்வரை அழுத்தம் சமமாக இருக்கும். பாத்திரம் கழுவும் தொட்டியின் வாயில் ஒரு பிளாஸ்டிக் காகிதம் போய் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? கோணத்தின்மேல் ஐரிஸ் ஒட்டிக்கொண்டால் அதுவேதான். குழாயை மூட வழியில்லை. நீர் சுரந்துகொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் அழுத்தம் 40, 50, 60 என்று ஏறும். நசுங்குவது பார்வை நரம்பு. இதுதான் திடீர்க் கோண அடைப்பு கிளாகோமா.

கண் சிவந்தால் நம்மூரில் முதலில் வாயில் வரும் பெயர் மெட்ராஸ் ஐ. அதில் உறுத்தலும் பீளையும் இருக்கும். பொதுவாகப் பார்வை மங்காது, வாந்தி வராது. ஒரு பக்கத் தலைவலி, வாந்தி, மங்கல், விளக்கைச் சுற்றி வண்ண வளையம் ஆகியவை சிவந்த கண்ணோடு சேர்ந்து வந்தால் மருந்துக்கடையில் சொட்டு மருந்து கேட்டு நிற்கக்கூடாது. அன்றைக்கே, இரவானாலும், கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இது எங்கோ சீனாவில் அதிகம் என்று படித்திருப்பீர்கள். நமக்கும் அந்நியமல்ல. வேலூரில் 30 முதல் 60 வயதுக்காரர்களைப் பரிசோதித்து 1998இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் கோண அடைப்பு கிளாகோமா இருந்ததாகச் சொன்னார்கள். பிற்பாடு இந்த நோய்க்கான இலக்கணம் கறாரானது. சென்னை கிளாகோமா ஆய்வில் 40 வயதைத் தாண்டியவர்களில் அது நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. அப்படிக் குறைந்தாலும் சிறிய எண்ணிக்கை அல்ல. அவர்களில் பெரும்பாலோருக்குப் பெரியம்மாவுக்கு வந்ததுபோல வலி வருவதில்லை. சத்தமில்லாமல் பார்வை போகிறது.

இனி அளவுக்கு வருவோம். வளர்ந்தவரின் கண், முன்னிருந்து பின்வரை ஏறக்குறைய 23, 24 மி.மீ. நீளம். கருவிழிக்கும் லென்ஸுக்கும் நடுவிலுள்ள இடம், அதாவது முன்னறையின் ஆழம், சுமார் 3 மி.மீ. லென்ஸ் மட்டும் ஆயுசு முழுக்க வளர்கிறது. இளமையில் 4 மி.மீ.க்குப் பக்கத்தில் இருந்த தடிமன் அறுபது, எழுபது வயதில் 4.5ஐத் தாண்டிவிடும். சின்ன வீட்டில் வருஷா வருஷம் பெருத்துவரும் பீரோ மாதிரி. மெல்பர்ன் நகரக் கண் மருத்துவர் ரொனால்ட் லோ, இந்தக் கண்களை ஒலியலையால் அளந்து 1969இல் எழுதினார்: கோணம் அடைபட்டவர்களின் லென்ஸ் தடிமனாக இருப்பதோடு, முன்னால் தள்ளியும் உட்கார்ந்திருக்கிறது. பிளஸ் பவர் கண்ணாடி போடுபவர்களுக்கும், பெண்களுக்கும், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் இது ஏன் அதிகம் என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது. முதல் இரு வகையினருக்குக் கண் குட்டை; மூவருக்குமே முன்னறை ஆழமில்லாதது.

ஆனால் கோணம் அடைபட இது ஒன்றுதான் காரணம் என்று நினைத்துவிட்டால் அங்கேதான் ஆபத்து. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே சிவந்த கண், ஒரே வலி, ஒரே 50. உள்ளே காரணங்கள் வேறு வேறு. ஒரு காரணத்துக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷம்போல வேலை செய்யும்.

மிகுதியாக வருவது பாப்பா அடைப்பு. லென்ஸும் ஐரிஸும் ஒட்டி, நீர் பின்னாலேயே தேங்கி, ஐரிஸ் கூடாரத் துணிபோல முன்னால் புடைக்கும். இந்தக் கண்களின் நீளம் 22 மி.மீ. அளவிலும், முன்னறை 2.5க்குக் கீழேயும், சிலருக்கு 2ஐ ஒட்டியும் இருக்கும். முக்கியமான விஷயம், நல்ல கண்ணிலும் ஏறக்குறைய அதே அளவுகள்தாம் வரும். ஒரே அச்சில் வார்த்த இரண்டு கண். இதற்குப் பாப்பாவைச் சுருக்கும் பைலோகார்பின் சொட்டும், பிறகு லேசரால் ஐரிஸில் ஒரு சிறு துளையும் பொருத்தமான வைத்தியம்.

இப்போது வேறொருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கும் ஒரு கண்ணில் முன்னறை 2 மி.மீ. ஆனால் நல்ல கண்ணில் 3.1, கண்ணின் நீளம் இரண்டிலும் 24. இது குட்டைக் கண் அல்ல. இந்த ஒரு கண்ணில் மட்டும் எதுவோ லென்ஸை முன்னால் தள்ளியிருக்கிறது. எப்போதோ பந்து பட்டதோ, மாட்டின் கொம்பு இடித்ததோ, லென்ஸைக் கட்டியிருக்கும் நூல்கள் அறுந்து அது நழுவியிருக்கலாம். அடிபட்டதை அவரே மறந்திருப்பார். இங்கே பைலோகார்பின் விட்டால் தளர்ந்த நூல்கள் இன்னும் தளர்ந்து லென்ஸ் மேலும் முன்னால் வரும், அடைப்பு இறுகும். இரண்டு கண்ணின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒழிய இந்தச் சந்தேகமே வராது. நல்ல கண்தான் இங்கே சாட்சி.

கண்புரை முற்றி, தண்ணீர் குடித்த உளுந்துபோல லென்ஸ் ஊதிவிடுவதும் உண்டு. "புரை நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று காலங்காலமாகச் சொல்லிவரும் யோசனையின் விளைவு இது. அந்தக் கண்ணின் லென்ஸ் தடிமன் மட்டும் தனியாக எகிறி நிற்கும். இதற்குத் தீர்வு, அழுத்தத்தை இறக்கிவிட்டுப் புரையை எடுப்பது.

இன்னொன்று இளம் வயதினருக்கும் வரும், மாத்திரையால். ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் டோபிராமேட் சிலருக்குத் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் கோணத்தை அடைத்துவிடும். 2001இலேயே இதுபற்றி எச்சரிக்கை வந்துவிட்டது. கண்ணாடியே போடாதவருக்குத் திடீரென மைனஸ் பவர் வந்து தூரப் பார்வை மங்கும். முன்னறை இரண்டிலும் ஆழமற்றிருக்கும். கண்ணின் நீளமோ இயல்பு. இங்கே லென்ஸைப் பிடித்திருக்கும் வளையத்துக்குப் பின்னால் நீர் கோத்து, முழுவதையும் முன்னால் தள்ளுகிறது. லேசர் துளை போட்டுப் பயனில்லை. பைலோகார்பின் நிலைமையைக் கெடுக்கும். மாத்திரையை, அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். விடவேண்டிய சொட்டு அட்ரோபின். பாப்பா அடைப்பில் தொடவே கூடாத மருந்து அதுதான்! தலைவலிக்குச் சாப்பிட்ட மாத்திரையால் தலைவலி வந்து, அதற்கே மாத்திரையைக் கூட்டிக்கொண்ட கதையும் நடக்கக்கூடியதே.

லேசர் போட்ட பிறகும் கோணம் திறக்காத கண்களும் இருக்கின்றன. நடுவில் முன்னறை சுமாரான ஆழத்துடன் இருக்கும், ஓரத்தில் மட்டும் ஐரிஸ் மேடேறி நிற்கும். ஐரிஸுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க யூபிஎம் என்ற நுண்ணொலி ஸ்கேன் வேண்டும்.

இந்த அளவுகளை எடுக்கப் பெரிய ஊருக்கு ஓட வேண்டியதில்லை. புரை ஆபரேஷனுக்கு முன் லென்ஸ் பவர் பார்க்க ஒலியலையால் எடுக்கும் ஏ-ஸ்கேன்தான் இது. அதே சீட்டில் கண்ணின் நீளம், முன்னறை ஆழம், லென்ஸ் தடிமன் மூன்றும் வரும். ஒளியால் அளக்கும் கருவியும் உண்டு, அது கண்ணைத் தொடாது. கருவிழி மங்கிப்போன கண்ணில் அது தடுமாறும், அப்போது ஒலியலைதான் கை கொடுக்கும். ஒலிக்கருவியின் முனையைக் கண்ணில் வைத்துச் சற்று அழுத்தினாலும் முன்னறை நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், அனுபவமுள்ள கை வேண்டும்.

எண்களைக் கும்பிடவும் வேண்டாம். சின்னக் கண்ணாடி வில்லையை வைத்துக் கோணத்தையே நேராகப் பார்க்கும் கோனியோஸ்கோப்பிக்கு எந்தச் சீட்டும் மாற்றாகாது. அளவு வரட்டும் என்று அழுத்தத்தை இறக்கும் முதலுதவியைத் தள்ளிப்போடவும் கூடாது. டயமாக்ஸ், மன்னிட்டால் போன்றவை உடனே தொடங்க வேண்டியவை. அவற்றைத் தொடங்கும் முன் நீங்கள் வாய்திறந்து சொல்ல வேண்டியவை உண்டு: ஆஸ்துமா இருந்தால் டிமோலால் சொட்டு ஆகாது, சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் டயமாக்ஸ் பற்றி யோசிக்க வேண்டும். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய்க் கொட்டிக் காட்டுங்கள். சளி மாத்திரை, மன அழுத்த மாத்திரை, நெபுலைசரில் வைக்கும் சில மருந்துகள்கூடப் பாப்பாவை விரித்து, குறுகிய கோணத்தை அடைக்கக்கூடியவை.

உரிமை என்று பார்த்தால், காரணம் என்ன என்று கேட்பதுதான் முதல் உரிமை. "எனக்கு எந்த வகை அடைப்பு? இரண்டு கண்ணின் முன்னறை ஆழம் எவ்வளவு? கோனியோ பார்த்தீர்களா?" இந்த மூன்று கேள்வியைக் கேட்டு, விடையைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். லேசருக்குக் கையெழுத்துப் போடுமுன் வேறு வழி உண்டா என்றும் கேட்கலாம். 50 வயதைத் தாண்டி, அழுத்தம் மிகுந்த கோண அடைப்பு உள்ளவர்களுக்கு, புரை இல்லாவிட்டாலும் லென்ஸை எடுத்துவிடுவது நல்ல பலன் தருகிறது என்று 2016இல் வந்த ஈகிள் ஆய்வு காட்டியது. எல்லோருக்கும் அது பொருந்தாது. ஆனால் பேசிப்பார்க்க வேண்டிய வழி.

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. எழுதிக் கேளுங்கள், நகலில் ஒப்புகை வாங்குங்கள். கட்டணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த கட்டணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இதில் வராது; அங்கே டீனிடமும் மருத்துவக் கவுன்சிலிடமும் முறையிடலாம். என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன்: தெருமுனை டாக்டர் முதல் இரவில் இதைத் தவறவிட்டதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். நாங்களும்தானே தவறவிட்டோம். ஆனால் கண் மருத்துவமனைக்கு வந்த பிறகும் ஒரு கண்ணை மட்டும் பார்த்து அனுப்பினால், அதற்கு மன்னிப்பு கிடையாது.

பெரியம்மாவின் இரண்டு கண்ணும் 22 மி.மீ.க்குச் சற்று மேலே. முன்னறை இரண்டிலும் 2.2. பாப்பா அடைப்பு. வலது கண்ணுக்கு லேசர், மறுவாரம் இடதுக்கும். ஒன்றில் வந்தவர்களுக்கு மற்றதைக் கவனிக்காமல் விட்டால், சில ஆண்டுகளுக்குள் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதிலும் வந்துவிடும். வலது கண்ணில் பார்வை கொஞ்சம் போனது போனதுதான். இடது கண் முழுசாக இருக்கிறது. சீரியல் அதில்தான் பார்க்கிறார்.

கூடப்பிறந்தவர்களுக்கும் இந்தக் கண்வாகு வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டரம்மா சொன்னதால், பெரியம்மாவின் தங்கையை, அதாவது என் அம்மாவை, அடுத்த வாரமே கூட்டிப்போனோம். ஒரு வலியும் இல்லாதவருக்கு முன்னறை 2.3. உங்கள் வீட்டில் யாருக்காவது இது வந்திருந்தால், அக்கா தங்கை அண்ணன் தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.