அரசு டெண்டரில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொழில்களுக்கு உள்ள 4 சதவீதம்

மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஓர் ஆண்டில் வாங்கும் பொருள், சேவை ஆகியவற்றில் குறைந்தது 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று ஆணை இருக்கிறது. அந்த 25-க்குள் 4 சதவீதம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கும், 3 சதவீதம் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கும் உரியது. 2012-ல் இந்த ஆணை வந்தபோது மொத்தம் 20 சதவீதம்தான். 2018-ல் திருத்தி 25 ஆக்கினார்கள். பெண்களுக்கான பங்கு அப்போது சேர்ந்தது. நம் உறுப்பினர்கள் பலரும் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனால் கேள்விப்பட்டதில் பாதி தவறாக இருக்கிறது.

"மளிகைக்கடை நடத்துகிறேன், உத்யம் பதிவும் வாங்கிவிட்டேன், எனக்கும் இந்தச் சலுகை உண்டா?" என்று கேட்கிறார்கள். இல்லை. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளையும் உத்யம் பதிவில் சேர்த்தது உண்மைதான். அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே. வாங்கி விற்பவருக்குக் கொள்முதல் ஒதுக்கீடு கிடையாது. உற்பத்தி செய்பவருக்கும் சேவை அளிப்பவருக்குமே உண்டு. வற்றலை மூட்டையாக வாங்கி மூட்டையாக விற்றால் வியாபாரம். அதையே அரைத்து, சலித்து, பாக்கெட்டில் அடைத்தால் உற்பத்தி. நம்மிடம் சரக்கு எடுக்கும் அரவை மில்காரர்களும், அப்பளம், ஊறுகாய் போடுகிறவர்களும் இந்த வரம்புக்குள் வருவார்கள். ஆகவே இது நம் வாடிக்கையாளர்களைப் பற்றிய செய்தி. அவர்கள் வளர்ந்தால் நம் மண்டியில் மூட்டை நகரும்.

அடுத்து அந்த 15 சதவீதக் கணக்கு. சிறு தொழிலுக்கு 15 சதவீதம் கூடுதல் விலை தருவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. கணக்குக்காக, 10,000 கிலோ மிளகாய்த்தூளுக்கு டெண்டர் என்று வையுங்கள். ஒரு பெரிய கம்பெனி கிலோ ரூ.200 என்று மிகக் குறைந்த விலை போடுகிறது. சிறு தொழில்காரர் ரூ.230-க்குள் போட்டிருந்தால் அவரைக் கூப்பிட்டு, "அதே ரூ.200-க்குத் தருகிறீர்களா?" என்று கேட்பார்கள். சரி என்றால் குறைந்தது 2,500 கிலோ அவருக்கு. அந்த வரம்புக்குள் சிறு தொழில்காரர்கள் பலர் இருந்தால் பங்கு பிரியும். கொடுப்பது ரூ.200-தான், ஒரு பைசா கூட வராது. அடக்கமே ரூ.205 ஆகிறவர் ஆசைப்பட்டு ஒப்புக்கொண்டால் கை சுடும்.

எங்களிடம் வற்றலும் மல்லியும் எடுக்கும் ஒரு அம்மா இருக்கிறார். ஆதிதிராவிடர் வகுப்பினர், இரண்டு அரவை இயந்திரம் வைத்திருக்கிறார். ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கேன்டீனுக்கு மசாலாத்தூள் டெண்டர் வந்தபோது, "பெரிய கம்பெனியோடு நான் எங்கே மோதுவது அண்ணாச்சி, எனக்குரிய 4 சதவீதம் எப்படியும் இருக்குமே" என்றார். ஆணையில் கவனிக்க வேண்டிய இடமே இதுதான். ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொழில்கள் டெண்டரில் கலந்துகொள்ளாவிட்டால், அல்லது நிபந்தனைக்கும் விலைக்கும் ஒத்துவராவிட்டால், அந்த 4 சதவீதத்தை மற்றச் சிறு தொழில்களிடம் வாங்கிக்கொள்ளலாம். போடாதவருக்காக யாரும் எடுத்து வைப்பதில்லை. நாடு முழுவதும் பல ஆண்டுகளில் இந்த 4-ல் பாதியைக்கூட எட்டவில்லை என்றால், காரணம் அலுவலகங்களின் மெத்தனம் மட்டுமல்ல; தகுதியுள்ளவர்களுக்குச் சரக்கும் கடனும் கொடுத்துப் பின்னால் நிற்க ஆளில்லாததும்தான்.

அந்த அம்மா விலை போட்டார், வரம்புக்குள் வந்தார். விலை குறைக்கச் சம்மதமா என்று கேட்டு வந்ததும் நேரே மண்டிக்கு வந்துவிட்டார். சப்ளை முடியும்வரை வற்றலை ஒரே விலையில், 60 நாள் தவணையில் தருவதாக எழுதிக் கொடுத்தோம். புது வரத்து இறங்கும் மாதம். எங்களுக்கும் அதில் பெரிய ஆபத்தில்லை. வட்டிக்கு வாங்கி அரைத்திருந்தால் அந்த விலைக்கு அவரால் கட்டுப்படியாகாது. மொத்த வியாபாரி செய்யக்கூடிய உதவி இவ்வளவுதான், ஆனால் இது இல்லாமல் ஆணை காகிதத்தோடு நின்றுவிடும்.

உரிமை யாருடையது என்பதிலும் தெளிவு வேண்டும். தனி உரிமை என்றால் உரிமையாளரும், கூட்டு வியாபாரம் அல்லது பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது 51 சதவீதப் பங்குக்காரர்களும் அந்த வகுப்பினராக இருக்க வேண்டும். கடைச் சிப்பந்தியின் பெயரில் ஒரு பதிவு போட்டு ஒப்பந்தம் பிடிக்கலாம் என்று சில தரகர்கள் வலம் வருகிறார்கள். அது பினாமி வேலை, மற்றவர் வாயில் மண் போடுவது. சங்கத்தார் அந்தப் பக்கமே போகக்கூடாது.

டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம். ஆனால் ஒப்பந்தம் கிடைத்தபின் கேட்கும் காப்புத்தொகைக்கு இந்த விலக்கு பொருந்தாது. பணத்தை முன்னமே ஒதுக்கி வைக்க வேண்டும். உணவுப் பொருளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமமும் சாதிச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். துடைப்பம், குடை, பை வகைகள் உட்பட 358 பொருள்களைக் குறு, சிறு தொழில்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்ற பட்டியலும் உண்டு. அதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

பணம் தாமதமாவதுதான் பெரிய பயம். 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. மேற்சொன்ன அம்மாவுக்கு 45 நாள் கடந்தும் பணம் வரவில்லை. சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பதிவுத் தபால் அனுப்பச் சொன்னோம். இரண்டு வாரத்தில் அசல் வந்துவிட்டது. வட்டியை அவர் கேட்கவில்லை. அடுத்த டெண்டரை நினைத்திருப்பார்.

உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை, ஆயிரம் இரண்டாயிரம் கேட்பவர்களிடம் கொடுக்க வேண்டாம். அரசு வாங்கும் ஜெம் இணையச் சந்தையில் விற்பவராகச் சேர உத்யம் எண் உதவும். 2016-ல் தொடங்கிய தேசிய எஸ்.சி., எஸ்.டி. மையம், என்.எஸ்.ஐ.சி. மூலம் டெண்டர் போடுவதற்குப் பயிற்சியும், ஆய்வுக்கூடக் கட்டணத்தில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறும் வழியும் தருகிறது. உங்களிடம் சரக்கு எடுப்பவர்களில் தகுதியுள்ளவர் இருந்தால், இந்த இதழை அவர் கையில் கொடுங்கள்.