சிங்கோனா: ஒரு பட்டை, இரண்டு வைத்தியங்கள்

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளைத் தாயகமாகக் கொண்ட மரம் சிங்கோனா. காப்பிச் செடியின் குடும்பம். இதன் பட்டை கடுங்கசப்பு. 17-ஆம் நூற்றாண்டில் ஏசு சபைப் பாதிரியார்கள் வழியாக ஐரோப்பா போன இந்தப் பட்டைப்பொடி, விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சலை, அதாவது மலேரியாவை, நிறுத்தியது.

ஹோமியோபதி பிறந்ததும் இந்தப் பட்டையில்தான். 1790-இல் ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் ஹானிமன், ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கல்லனின் மருந்து நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பட்டை இரைப்பைக்கு வலுவூட்டிக் காய்ச்சலைத் தீர்க்கிறது என்பது கல்லனின் விளக்கம். ஹானிமனுக்கு அது ஒப்பவில்லை. நோயில்லாத தம் உடம்பிலேயே சோதிக்க, தினம் இருவேளை பட்டைப்பொடியைச் சாப்பிட்டார். பாதமும் விரல்நுனிகளும் சில்லிட்டன, நெஞ்சு படபடத்தது, தாகம் எடுத்தது. முறைக்காய்ச்சலின் குறிகளாக அவருக்குத் தோன்றிய இவையெல்லாம், பொடியை நிறுத்தியதும் அடங்கின. எது நோய்க்குறியை உண்டாக்குகிறதோ அதுவே அந்த நோயைத் தீர்க்கும் என்ற கொள்கையை இதிலிருந்து வளர்த்து 1796-இல் வெளியிட்டார். அவருடைய துணிவு பெரிது. ஆனால் ஓர் உடம்பில் கண்டதைக் கொண்டு எல்லா நோய்க்கும் விதி வகுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

சிங்கோனாப் பட்டை மருந்தை ஹோமியோபதியர் ‘சைனா’ என்பார்கள். ரத்தப்போக்கு, வயிற்றுப்போக்குக்குப் பின் வரும் அசதி, வயிற்று உப்புசம், காதிரைச்சல், முறைக்காய்ச்சல் ஆகியவற்றுக்குக் கொடுப்பது வழக்கம். பட்டையில் உள்ள கொய்னா என்ற மருந்துப்பொருள் அதிகமானால் காதிரைச்சல் வருவது உண்மை; அந்தக் குறியைத்தான் அவர்கள் மருந்துக்கான அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். பட்டையை ஆல்கஹாலில் ஊறவைத்த தாய்த்திரவத்தை நூற்றில் ஒரு பங்காகத் திரும்பத் திரும்பக் கரைத்துக் குலுக்குவார்கள். பன்னிரண்டு முறைக்குமேல் போனால் அதில் பட்டையின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 30-ஆம் வீரியம் முப்பது முறை கரைத்தது.

பட்டையின் இன்னொரு வழி ஆய்வுக்கூடத்துக்குப் போனது. 1820-இல் பெல்லெட்டியே, கவாந்து என்ற பிரெஞ்சு வேதியியலர்கள் அதிலிருந்து கொய்னாவைப் பிரித்தெடுத்தார்கள். ரத்தச் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்வது அதுதான். அதற்காகவே ஆங்கிலேயரான கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860-இல் சிங்கோனாவை நீலகிரிக்குக் கொண்டுவந்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் எழுந்தன.

மலேரியாவை ஹோமியோபதியால் குணப்படுத்த முடியும் என்பதற்கு ஆதாரமில்லை. குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால் சைனா உருண்டையை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.