போனவர் இன்னும் போகவில்லை

ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்துவிட்டது. அடையாள அட்டையும் லேப்டாப்பும் திருப்பிக் கொடுத்தாயிற்று, கேக் வெட்டி வழியனுப்பியும் ஆயிற்று. ஆனால் நிறுவனத்தின் கிளவுட் கணக்கைத் திறந்து யூசர் பட்டியலைப் பார்த்தால், எப்போதோ விலகிப்போனவர்கூட அங்கே சௌகரியமாக உட்கார்ந்திருப்பார். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் அநேகமாக இப்படித்தான் பதில் வரும்: "அவரோட கீயை வச்சுதான் சார் ராத்திரி பேக்கப் ஓடுது. எடுத்தா எதெது நிக்கும்னு தெரியல."

கிளவுட் கணக்கில் ஆளைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. ஏற்பாடு உருப்படியானதா என்பது ஒருவரை வெளியே அனுப்பும் நாளில்தான் தெரியவரும். அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ்.ஸை வைத்தே சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட், கூகுள் கிளவுடுகளில் பெயர்கள் மாறும், சங்கதி பெரும்பாலும் இதுதான்.

வெளியே அனுப்ப முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு கோட் ஸ்பேசஸ் கதை போதும். மென்பொருள் எழுதுவோரின் நிரல்களைப் பாதுகாத்துத் தரும் நிறுவனம் அது. 2014 ஜூனில் யாரோ ஒருவன் அதன் அமேசான் கணக்கின் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் புகுந்து பணம் கேட்டான். நிறுவனத்தார் பாஸ்வேர்டை மாற்றினார்கள். அவனோ அதற்கு முன்பே வேறு யூசர்களை உருவாக்கி வைத்திருந்தான். தன்னைத் துரத்தப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், கையில் கிடைத்ததையெல்லாம் அழிக்க ஆரம்பித்தான். சுமார் 12 மணி நேரத்தில் தகவல்கள், அவற்றின் பேக்கப்புகள் என்று பெரும்பகுதி போய்விட்டது. பேக்கப்பும் அதே பலகையிலிருந்து எட்டும் தூரத்தில் இருந்ததுதான் கொடுமை. நிறுவனம் கடையைக் கட்டியது.

கணக்கு தொடங்கும்போது கொடுக்கிற ஈமெயில்தான் 'ரூட் யூசர்'. கணக்கையே மூடும் அதிகாரம் அதற்கு உண்டு. சின்ன நிறுவனங்களில் அது முதலாளியின் சொந்த ஜிமெயிலாகவோ, முதன்முதலில் சேர்ந்த இன்ஜினீயருடையதாகவோ இருப்பது சகஜம். ஓ.டி.பி. வந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். ரூட் என்பது வீட்டின் மூலப்பத்திரம் மாதிரி. பெட்டியில் இருக்க வேண்டியதை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். நிறுவனத்தின் டொமைனில் ஒரு குழு முகவரியை ரூட்டுக்குக் கொடுங்கள். எம்.எஃப்.ஏ. எனப்படும் இரண்டாம் பூட்டுக்கு இரண்டு பாதுகாப்புச் சாவிகள் வாங்கி இரண்டு பேரிடம் வையுங்கள். ஒரு ரூட்டுக்கு 8 சாதனங்கள் வரை பதிவு செய்ய 2022 முதலே வசதி இருக்கிறது. ரூட்டின் பெயரில் ஆக்சஸ் கீ, அதாவது நிரல்கள் உள்ளே நுழையும் சாவி, இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம் என்று சொல்ல ஆசை. அதிலும் ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டே அழியுங்கள்.

ஒரு கண்ணி இருக்கிறது. அந்த டொமைனின் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டி.என்.எஸ். பதிவுகளும் இதே கணக்கில் இருந்தால், உள்ளே புகுந்தவன் முதலில் அவற்றைக் கலைப்பான். ரூட் பாஸ்வேர்டை மீட்க வேண்டிய மெயில் உங்களுக்கு வந்து சேராது. டொமைனைப் புதுப்பிக்க மறந்தாலும் இதே கதிதான், அதை வாங்குகிறவர் கைக்கு மெயில் போகும்.

மற்ற எல்லோருக்கும் கிளவுடில் தனித்தனி யூசரே வேண்டாம். 2017 டிசம்பரில் 'சிங்கிள் சைன்-ஆன்' என்று வந்து, 2022இல் 'ஐடென்டிட்டி சென்டர்' என்று பெயர் மாறிய வசதிக்குத் தனிக் கட்டணம் கிடையாது. அலுவலக மெயில் கணக்குகளை நிர்வகிக்கும் கூகுள் வொர்க்ஸ்பேஸையோ மைக்ரோசாஃப்ட் என்ட்ராவையோ அதோடு இணைத்துவிட்டால், விலகியவரின் மெயில் கணக்கை முடக்கிய பிறகு அவரால் கிளவுடுக்குள் புதிதாக நுழைய முடியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் மட்டும் அந்த செஷன் முடியும்வரை இருப்பார். செஷன் வழக்கமாக ஒரு மணி நேரம், 12 மணி நேரம் வரை நீட்டலாம். வசதிக்காக 12 என்று வைப்பவர்கள், கோபித்துக்கொண்டு போகிறவரை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

இனி அந்த ராத்திரி பேக்கப். கோளாறு இதுதான்: மனிதருக்குக் கொடுத்த அடையாளத்தில் இயந்திரம் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆக்சஸ் கீயைப் பார்த்தாலே தெரியும். ஏ, கே, ஐ, ஏ என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கினால் நீண்ட காலச் சாவி, நீங்கள் நிறுத்தும்வரை உயிரோடு இருக்கும். ஏ, எஸ், ஐ, ஏ என்று தொடங்கினால் தற்காலிகமானது, கெடு முடிந்ததும் தானே செத்துவிடும். முதல் வகைச் சாவியை நிரலுக்குள் எழுதிவைத்தால் என்ன நடக்கும் என்பதை 2016இல் ஊபர் பார்த்தது. கிட்ஹப்பில் இருந்த அதன் தனிப்பட்ட நிரல் கிடங்கில் அமேசான் சாவி கிடைத்தது; 5.7 கோடிப் பேரின் தகவல்கள் போயின. திருடியவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்துவிட்டு, 2017 நவம்பரில்தான் வெளியே சொன்னார்கள்.

சர்வருக்குச் சாவி கொடுக்காதீர்கள், 'ரோல்' கொடுங்கள். தற்காலிகச் சாவியை அது தானே வாங்கிக்கொள்ளும், தானே புதுப்பித்துக்கொள்ளும். பழைய சாவியை எடுத்த எடுப்பில் அழிக்கவும் வேண்டாம். கடைசியாக எப்போது, எந்தச் சேவைக்குப் பயன்பட்டது என்று பட்டியலே காட்டும். அதைப் பார்த்து ரோலுக்கு மாற்றிவிட்டு, சாவியை 'இன்ஆக்டிவ்' ஆக்குங்கள். ஏதாவது நின்றால் உடனே திரும்ப உயிர்ப்பிக்கலாம். ஒரு மாதக் கடைசியாவது தாண்டட்டும், அன்றைக்கு மட்டும் ஓடும் பில்லிங் வேலை எங்காவது ஒளிந்திருக்கும். அதன் பிறகு அழியுங்கள்.

யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதில் எல்லோரும் சோம்பேறிகள்தான், 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துவிட்டால் போன் வராது. வேலைக்குத் தேவையான அளவு மட்டும் என்ற கொள்கையை கணினி ஆய்வாளர்கள் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975இலேயே எழுதிவைத்துவிட்டார்கள். இன்றைக்கு அமேசானின் 'ஆக்சஸ் அனலைஸர்' என்ற கருவி, யார் என்ன செய்தார் என்ற 90 நாள் வரையிலான பதிவுகளைப் பார்த்து ஒரு ரோல் எதையெல்லாம் உண்மையில் தொட்டது என்று பாலிசி எழுதித் தருகிறது. அதை அப்படியே போடாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இந்தப் பதிவுகள் விஷயத்தில் இந்திய நிறுவனங்களுக்கு ஒரு தனி நிபந்தனை உண்டு. அவற்றை எழுதிவைக்கும் 'கிளவுட்ட்ரெயில்' தானாகக் காட்டுவது 90 நாள் வரலாறு. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு 180 நாள் பதிவுகளைக் கேட்கிறது. பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. ஆகவே பதிவுகளைத் தனியே அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் சேமிக்க நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும், அதுவும் வேறொரு அமேசான் கணக்கில். அந்தக் கணக்கில் அழிக்கும் உரிமை தினசரி வேலை பார்க்கும் யாருக்கும் வேண்டாம், தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி உட்பட.