அழிக்குமுன் படிக்கும் கருவி

மலேசியாவின் லாயாங் லாயாங்கைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் குடியிருப்பவர்களுக்குக் கார் இல்லாமல் ஒரு வாரம் ஓடாது. வேலைக்குக் கூலாய், பெரிய மருத்துவமனைக்குக் குளுவாங் என்று எதற்கும் சாலையில் இறங்கியாக வேண்டும். வாங்குவது பெரும்பாலும் கைமாறி வந்த கார். டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால் போமனிடம் (பட்டறை மெக்கானிக்கிடம்) போவதற்கு முன்பே ஸ்கேனர் ஒன்றைத் தருவித்து, வீட்டு மடிக்கணினியில் செருகிப் பார்த்துவிட இளையவர்கள் துடிக்கிறார்கள். நல்ல துடிப்புதான். ஆனால் எந்தக் கருவியை வாங்குகிறார்கள், வாங்கியதும் முதலில் எந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள் என்பது கவலைக்குரியது.

முப்பது நாற்பது வெள்ளிக்குக் கிடைக்கும் கருவிகளில் பெரும்பாலானவை ஒரே சில்லின் நகல்கள். கனடாவில் ஒரு சிறு நிறுவனம் 2005-இல் வெளியிட்ட இஎல்எம் 327 என்ற சில்லு அது. காரின் கணினி பேசும் பல நெறிமுறைகளைச் சாதாரண எழுத்துக் கட்டளைகளாக மாற்றித் தருவது அதன் வேலை. முதல் பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு இல்லாததால், உள்ளிருந்த நிரலை அப்படியே உருவிவிட்டார்கள். மூல நிறுவனம் 2022-இல் கடையைச் சாத்திவிட்டது. நகல்கள் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. உறையில் பதிப்பு 1.5 என்றோ 2.1 என்றோ அச்சிட்டிருப்பதை நம்பிப் பயனில்லை. அடிப்படைக் கட்டளைகள் சிலவற்றுக்கே பதில் சொல்லத் தெரியாதவையும் அவற்றில் உண்டு.

அடுத்தது காரின் வயது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் செருகுவாயும் அதில் பேசும் ஓபிடி-2 மொழியும் அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாயின. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு அந்த விதி 2001-இல் வந்தது. மலேசியச் சந்தைக்கென்றே செய்த கார்களை அந்த விதிகள் கட்டுப்படுத்தவில்லை. அதனால் பழைய மைவியிலோ வாஜாவிலோ செருகி கச்சிதமாகப் பொருந்தியும், பொதுக் கருவிக்குப் பதிலே வராமல் போகலாம். புதிய கார்கள் 6, 14-ஆம் முனைகளில் கேன் தடம் வழியாக, பொதுவாக வினாடிக்கு 5 லட்சம் பிட் வேகத்தில் பேசுகின்றன. பழையவற்றில் பல 7-ஆம் முனையில் கே-லைன் வழியாக, 10,400 பிட் வேகத்தில் பேசுகின்றன. கே-லைன் சுற்றே இல்லாத மலிவு நகல்கள் ஏராளம். கருவியில் அந்தச் சுற்று இருக்கிறதா என்பதுதான் பழைய கார் வைத்திருப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. மடிக்கணினியில் நீண்ட நேரம் பதிவு செய்ய யூஎஸ்பி கம்பி உள்ளதே நல்லது, நடுவழியில் இணைப்பு அறுந்துபோகாது. இன்னொன்று: பொது ஓபிடி மொழி எஞ்சினையும் புகையையும் சார்ந்தவற்றை மட்டுமே பேசும். ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளுக்கு அந்தந்தக் கார் வகைக்கான மென்பொருள் தனியாக வேண்டும்.

இவ்வளவும் கருவியைப் பற்றிய கணக்கு. பெரிய ஆபத்து பெரும்பாலான மென்பொருளில் இருக்கும் 'கிளியர்' பொத்தானில் இருக்கிறது.

அதை அழுத்தினால் விளக்கு அணையும், பழுது அப்படியே இருக்கும். பிழைக் குறியீட்டோடு சேர்த்துக் காரின் கணினி ஒரு சாட்சியத்தையும் சேமித்து வைத்திருக்கும்: பழுது பதிவான நொடியில் எஞ்சின் எத்தனை சுற்று ஓடியது, குளிர்நீர் எவ்வளவு சூடு, வண்டி என்ன வேகம், எவ்வளவு பாரம் என்ற விவரங்கள். பிழையைத் தேடிப் பிடிக்க இதைவிட நல்ல தடயம் கிடையாது. ஒரே அழுத்தில் இதுவும் போய்விடும். பிறகு போமனிடம் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் ஊகத்தில்தான் தொடங்க வேண்டும். ஊகத்தில் மாற்றும் ஒவ்வொரு உதிரிப் பாகத்துக்கும் காசு கொடுப்பது கார்க்காரர்.

பி 0171 என்ற குறியீட்டையே எடுத்துக்கொள்ளலாம். கலவையில் எரிபொருள் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். இதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறவர்கள் பலர். அந்தச் சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். வெடித்த ரப்பர் குழாய் வழியே காற்று புகுந்தாலும் இதே குறியீடு வரும், எரிபொருள் பம்ப் தளர்ந்தாலும் வரும். இரண்டையும் பிரித்துக் காட்ட மடிக்கணினியின் பெரிய திரையும் பதிவும் உதவுகின்றன. குறையை ஈடுகட்டக் காரின் கணினி எவ்வளவு எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கிறது என்ற சதவீதத்தை வரைபடமாக ஓடவிட வேண்டும். சும்மா நிற்கும்போது அது உயர்ந்திருந்து, 2,500 சுற்றில் இறங்கினால் காற்றுக் கசிவைத் தேடலாம். மேட்டில் ஏறும்போது உயர்ந்தால் பம்பையும் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். ஆகவே கருவியோடு வரும் மென்பொருள் இந்த வரைபடத்தைக் கோப்பாகச் சேமிக்குமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பழைய கார் வியாபாரத்தில் இதே பொத்தான் ஏமாற்று வேலைக்குத் துணைபோகிறது. வாங்குபவர் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு அழித்துவிட்டால், விளக்கு அணைந்த சுத்தமான கார் தயார். பல ஆண்டுத் தவணையில் வாங்கும் தோட்டக் குடும்பத்துக்கு இது சிறிய அடி இல்லை. இந்தத் தந்திரத்தையும் நல்ல கருவி காட்டிக்கொடுத்துவிடும். குறியீடுகளை அழித்ததும் கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றுக்காகக் கார் தனக்குத் தானே செய்துகொள்ளும் சோதனைகள் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பும். அவை மறுபடி முடியச் சில நாள் ஓட்டம் தேவைப்படலாம். கலிபோர்னியாவின் புகைச் சோதனையில், இப்படி முடியாத சோதனைகள் அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டினால் அந்தக் கார் தேறாது. மேலும், அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைப் பல கார்கள் தனியாக எண்ணி வைத்திருக்கின்றன. பேட்டரி மாற்றினாலும் சில கார்களில் இவை பூஜ்யமாகும் என்பதால், விற்பவரிடம் பேட்டரி எப்போது மாற்றினார்கள் என்று கேட்டுக்கொள்வது நியாயம்.

மடிக்கணினியே வேண்டாம், கையடக்க ஸ்கேனர்தான் வேகம் என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். வரிசையாகக் கார்கள் வந்து நிற்கும் இடத்தில் அது சரி.

வீட்டுக்கு வாங்குபவரின் தேவை வேறு. அழித்த பிறகு ஓடிய தூரம் 20 கிலோமீட்டர் என்று திரையில் வந்தால் முன்பணத்தைக் கொடுக்காமல், கூலாய் வரை ஓட்டிப் பார்க்கக் கேட்கலாம். பல பழுதுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் உறுதியானால்தான் விளக்கு எரியும். முதல் ஓட்டத்திலேயே அவை 'நிலுவைக் குறியீடு' என்ற தனிப் பட்டியலில் ஏறிவிடும். திரும்பி வந்து செருகும்போது அந்தப் பட்டியலைக் காட்டாத மென்பொருளுக்குப் பத்து வெள்ளிகூடக் கொடுக்க வேண்டியதில்லை.