காதுவலியா, தாடை மூட்டு வலியா?

சொட்டு மருந்து விட்டும் காதுவலி தீரவில்லை என்று நம் வீடுகளில் பலர் சொல்லக் கேட்கிறோம். காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். அங்கே அசைவதுதான் தாடை மூட்டு. அந்த இடத்தில் வலித்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வலியில்லாமல் ‘டக்’கென்ற சத்தம் மட்டும் என்றால் பயம் வேண்டாம்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது, கவலையில் இறுக்கிக்கொள்வது எல்லாம் மூட்டை வருத்தும். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது. சில வாரங்களுக்கு மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், தேவைப்பட்டால் இரவில் பல்லுக்கு உறை. எலும்பைக் கடிப்பதை மட்டும் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

பாக்கு போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியவில்லையா? வாயின் உட்தோல் இறுகும் நோயாக இருக்கலாம். அது பின்னாளில் புற்றுநோயாகவும் மாறக்கூடும். பாக்கை இன்றே நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் காட்டுங்கள்.

தாடை வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால் பல் மருத்துவரைத் தேட வேண்டாம், உடனே 108-ஐ அழையுங்கள்.