இயந்திரம் கற்கும் பாடம்

சிந்திக்கும் இயந்திரம் வந்துவிட்டது என்று சிலர் வியக்கின்றனர், சிலர் அஞ்சுகின்றனர். செயற்கை நுண்ணறிவு என்பது யாது? பழைய கணிப்பொறிக்கு ஒவ்வொரு விதியையும் மனிதனே எழுதித் தந்தான். இன்றைய செயற்கை நுண்ணறிவோ, நாம் சேர்த்துவைத்த பதிவுகளிலிருந்து விதிகளைத் தானே வகுத்துக்கொள்கிறது. அதன் வலிமையும் குறையும் இதிலேயே அடங்கியுள்ளன.

முதலில் கல்வித்துறையைக் காண்போம். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் அசோக் கோயல், 2016-ல் தம் இணையவழி வகுப்பில் மாணவர் ஐயங்களைத் தீர்க்க 'ஜில் வாட்சன்' என்னும் கணிப்பொறி உதவியாளரை அமர்த்தினார். முந்தைய பருவங்களின் வினாவிடைகளே அதற்குப் பாடம். நூற்றுக்கு 97 பங்கு உறுதி இருந்தால்தான் அது விடை கூறும். ஏனைய வினாக்கள் மனிதருக்கே விடப்பட்டன.

வணிகத்துறையில் நேர்ந்தது வேறு. வேலை விண்ணப்பங்களைத் தரம்பிரிக்க அமேசான் நிறுவனம் 2014 முதல் ஓர் அமைப்பை உருவாக்கியது. பத்தாண்டு விண்ணப்பங்கள் அதற்குப் பாடம். அவற்றுள் பெரும்பாலானவை ஆடவருடையவை. விளைவு? 'மகளிர்' என்ற சொல் உள்ள விண்ணப்பங்களை அது தாழ்த்தி மதிப்பிட்டது! இரண்டு மகளிர் கல்லூரிகளின் பட்டதாரிகளும் மதிப்பிழந்தனர். திட்டம் கைவிடப்பட்டதை 2018-ல் ராய்ட்டர் செய்தி நிறுவனம் வெளியிட்டது.

கடந்த காலத்தைக் கற்கும் இயந்திரம் அதன் பிழைகளையும் சேர்த்தே கற்கிறது. ஆகவே அதற்கு வரம்பு கட்டுவது நம் கடன். நாளை நம் விண்ணப்பத்தையும் அது படிக்கக்கூடும். "ஏன் தள்ளினீர்கள்?" என்று கேட்டால் விடை சொல்ல ஒரு மனிதர் அங்கே இருந்தாக வேண்டும்.