இரண்டு இரவும் ஒரு துருத்தியும்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணோடு, மாத்திரைப் பையும் டிஸ்சார்ஜ் தாளும் தவிர வேறொன்றும் கூடவே வரும். அக்குளுக்குக் கீழே தோலைத் துளைத்து வெளிவரும் மெல்லிய குழாய்; அதன் முனையில் மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் டப்பா. கொல்லன் பட்டறைத் துருத்தியின் சின்ன வடிவம். அமுக்கிப் பிடித்து மூடியை அடைத்துவிட்டால் அது விரிந்துகொள்ளப் பார்க்கும். அந்த விசையிலேயே உடம்புக்குள் தேங்கும் நீரை மெல்ல இழுத்துக்கொள்ளும். நர்ஸ்கள் இதை 'டிரெயின்' என்பார்கள். முதல் நாள் சிவப்பாக வடிவது, நாளாக நாளாக வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும். ஒரு நாளில் வடிவது ஏறக்குறைய 30 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினால்தான் பெரும்பாலான மருத்துவர்கள் குழாயை உருவுவார்கள். அதற்கு ஒரு வாரம் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். மருத்துவமனைக் கட்டிலில் அவர் படுத்திருந்ததோ பெரும்பாலும் இரண்டு மூன்று இரவுகள்தான்.

"இவ்ளோ பெரிய ஆபரேஷன். மூணாம் நாளே வீட்டுக்குப் போகச் சொல்றாங்களே, சரியாப் பாத்தாங்களா?"

வார்டு வராந்தாவில் பாயும் பிளாஸ்க்குமாக உட்கார்ந்திருக்கும் உறவினர்களிடம் இந்தச் சந்தேகம் எழுவது இயல்பு. புற்றுநோய் என்றால் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி என்று கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அந்த நாட்கள் கரைந்துபோனதற்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் மருத்துவர்களுக்கு இணையாக நோயாளிகளுக்கும் பங்கு உண்டு.

1811 செப்டம்பர் 30. பாரிஸில் வாழ்ந்த ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னியின் வீட்டுக்குக் கறுப்பு உடையணிந்த ஏழு பேர் வந்தார்கள். முதன்மையானவர் நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் லாரே. பழைய மெத்தை இரண்டும் பழைய விரிப்பு ஒன்றும் கொண்டுவரச் சொன்னார்கள். பர்னி அருந்தியது கொஞ்சம் திராட்சை மது. மயக்க மருந்து என்று ஒன்று அங்கே இல்லை. முகத்தை மூடிய கைக்குட்டை மெல்லிய துணி என்பதால், கத்தியின் பளபளப்பு அதனூடே தெரிந்தது. அறுவை 20 நிமிடம் நடந்ததாகத் தன் அக்காவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அவர் குறித்திருக்கிறார். அந்தக் கடிதத்தை எழுதி முடிக்க அவருக்கு மாதக்கணக்கில் ஆனது. எழுதியதைத் திருப்பிப் படிக்கத் துணிவு வரவில்லை. அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1840இல், 87 வயதில் இறந்தார்.

பர்னி பாரிஸில் அந்த வேதனையைப் பட்டதற்கு ஏழு ஆண்டு முன்பே, ஜப்பானில் ஹனாவோகா செய்ஷு என்ற மருத்துவர் ஊமத்தையும் வேறு நச்சு மூலிகைகளும் கலந்த கஷாயத்தைக் கொடுத்து, 60 வயதுப் பெண் ஒருவரை ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தி மார்பகக் கட்டியை அகற்றியிருந்தார். அந்தக் கஷாயத்தைத் தங்கள் மேல் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தவர்களில் அவருடைய மனைவியும் ஒருவர். அதில் அவர் பார்வை போயிற்று. ஜப்பான் அப்போது வெளியுலகுக்குக் கதவடைத்திருந்த காலம். செய்தி ஐரோப்பாவை எட்டவில்லை.

மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் வந்த பிறகு, அறுவை மருத்துவர்களுக்கு அவசரம் போயிற்று. நிதானமாக, நிறைய அறுக்க முடிந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் 50 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார். மார்பகம், அதற்கு அடியிலுள்ள நெஞ்சுத் தசைகள், அக்குளின் நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் ஒரே திரளாக அவர் எடுத்துவிடுவார். புற்றுநோய் அருகம்புல் போலப் பக்கத்தில் படர்ந்து பரவுகிறது, படர்ந்த எல்லை வரை தோண்டியெடுத்தால் தீர்ந்தது என்பது அவருடைய கணக்கு. அறுத்த இடத்திலேயே நோய் மறுபடி முளைப்பது மற்றவர்களிடம் பாதிக்கு மேல் இருந்தபோது, அவருடைய நோயாளிகளில் 6 சதவீதமே. உலகம் வியந்ததில் தவறில்லை.

ஆனால் அந்த அறுவைக்குப் பின் நெஞ்சு குழி விழுந்து, விலா எலும்பு தோலுக்கடியில் தெரியும். தோல் போதாமல் வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டுவார்கள். காயம் ஆறும்வரை வாரக்கணக்கில் கட்டில்தான். கை தூக்க முடியாது. பலருக்குக் கை வீங்கித் தடிக்கும். இந்த வீக்கத்துக்கு 1921இல் ஹால்ஸ்டெட்டே ஒரு பெயர் வைத்தார்: கத்தியால் வந்த யானைக்கால் நோய் என்று பொருள்படும் பெயர். பொருத்தமான பெயர்தான். யானைக்காலில் புழுக்கள் நிணநீர்ப் பாதையை அடைக்கின்றன. இங்கே கத்தி அந்தப் பாதையை வெட்டிவிடுகிறது. நீர் போக வழியின்றித் தேங்குவது இரண்டிலும் ஒன்றே. அக்குள் கணுக்களை அகற்றியவருக்கு இன்றும் அந்தப் பக்கக் கையில் ஊசி போடுவதையும் ரத்த அழுத்தம் பார்ப்பதையும் நர்ஸ்கள் தவிர்ப்பது இதை நினைத்துத்தான்.

1952. நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண்ணுக்கு இதே அறுவை நடந்தது. கையை எப்போது அசைக்கலாம், எப்படி அசைக்கலாம், உடை எப்படி உடுத்துவது என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. உடம்பு தேறியதும் அவரே மற்றப் பெண்களின் கட்டில்களைத் தேடிப் போகத் தொடங்கினார். கையில் ஒரு கயிறு, ஒரு ரப்பர் பந்து, உள்ளாடைக்குள் தற்காலிகமாக வைத்துக்கொள்ள ஒரு பஞ்சுத் திண்டு. பந்தை அமுக்கு, கயிற்றைக் கதவின் மேல் போட்டு இழு, சுவரில் விரல்களை எறும்பு ஏறுவது போல ஏற்று. மருத்துவரின் அனுமதியில்லாமல் வார்டுக்குள் நுழைந்ததற்காக வெளியே அனுப்பப்பட்டதும் உண்டு. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம், இதற்காக அவர் உருவாக்கிய அமைப்பைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. சுவரில் விரல் ஏற்றும் அந்தப் பயிற்சியை இன்று உலகமெங்கும் பிசியோதெரபிஸ்டுகள் கற்றுக்கொடுக்கிறார்கள். அறுவை அறைக்குள் நடந்த எந்தக் கண்டுபிடிப்புக்கும் இது குறைந்ததில்லை.

அந்தக் காலத்தில் இன்னொரு கொடுமையும் இருந்தது. கட்டி என்ன கட்டி என்று பார்ப்பதும் மார்பகத்தை எடுப்பதும் ஒரே மயக்கத்தில் நடக்கும். இரண்டுக்கும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கண் விழித்துக் கட்டைத் தடவிப் பார்த்தால்தான் பெண்ணுக்குச் செய்தி தெரியும். 1974இல் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னருக்கு மார்பகத்தில் கட்டி வந்தபோது, முதலில் பயாப்சி மட்டும், முடிவை நான் எடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். அதற்குச் சம்மதிக்கும் மருத்துவரைத் தேடி அவர் அலைய வேண்டியிருந்தது. தொடர்ந்து எழுதினார், வாதாடினார். 1979இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழுவில் அவரும் இடம்பெற்றார். பயாப்சியும் அறுவையும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது.

ஹால்ஸ்டெட்டின் கணக்கையே கேள்வி கேட்டவர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர். புற்றுநோய் பக்கத்தில் மட்டும் படர்வதில்லை, தொடக்கத்திலேயே அதன் செல்கள் ரத்தத்தில் கலந்து தொலைவுக்குப் போய்விடக்கூடும், அப்படியானால் நெஞ்சில் எவ்வளவு அகலமாக அறுத்தாலும் பயனில்லை என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, சோதித்தார். 1971இல் தொடங்கிய ஆய்வில் 1,665 பெண்கள். தசையோடு எடுத்தவர்களும் மார்பகத்தை மட்டும் எடுத்தவர்களும் 25 ஆண்டு கழித்தும் ஒரே அளவில்தான் உயிரோடிருந்தார்கள். 1976இல் தொடங்கிய அடுத்த ஆய்வில் 1,851 பெண்கள்: கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும் மார்பகத்தையே எடுத்தவர்களும் உயிர்வாழ்வதில் 20 ஆண்டுகளில் வேறுபாடில்லை. இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசி 701 பெண்களிடம் நடத்திய ஆய்வும் இதையே காட்டியது. மருத்துவ உலகில் ஃபிஷருக்கு எதிர்ப்பு கடுமையாக இருந்தது. எந்த அறுவை என்பதைக் குலுக்கல் போலத் தற்செயல் தீர்மானிக்க ஒப்புக்கொண்டு அந்த ஆய்வுகளில் சேர்ந்த பெண்களின் துணிவை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்று இரண்டாம் மூன்றாம் நாளில் வீடு திரும்பும் ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்.

அக்குளையும் விட்டுவைக்க வழி வந்தது 1990களில். மார்பகத்தின் நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணு எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். அங்கே புற்றுச் செல் இல்லையென்றால் பின்னால் உள்ளவற்றைத் தொட வேண்டியதில்லை. அடையாளம் காண நீலச் சாயமோ மிகச் சிறு அளவில் கதிரியக்கப் பொருளோ செலுத்தப்படும். அறுவைக்கு மறுநாள் சிறுநீர் பச்சை நீலமாகப் போவதைக் கண்டு வார்டில் பயந்துபோகிறவர்கள் உண்டு; அது அந்தச் சாயம்தான். பல வேளைகளில் இவர்களுக்கு டிரெயினே தேவைப்படாது, ஒரே நாளில் வீடு.

நாட்கள் குறைந்ததெல்லாம் அறிவியலால் என்று சொல்லிவிடவும் முடியாது. 1990களில் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் சில, செலவைக் குறைக்க, மார்பகத்தை எடுத்த பெண்களை அன்றைக்கே அனுப்பச் சொல்லி நெருக்கின. பெண்களும் அறுவை மருத்துவர்களும் கொதித்தார்கள். 1997இல் அதிபர் பில் கிளிண்டன் நாடாளுமன்றத்தில் நிகழ்த்திய ஆண்டு உரையிலேயே, அறுவைக்குப் பின் 48 மணி நேரம் மருத்துவமனையில் இருக்கும் உரிமை வேண்டும் என்று பேசினார். சில மாநிலங்கள் சட்டமும் இயற்றின. நோயாளி தேறியதால் அனுப்புவதும் பில் ஏறுவதால் அனுப்புவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலத் தெரியும். இரண்டையும் பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு: டிரெயினை எப்படிக் காலி செய்வது, எதைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்களா? முன்பு நர்ஸ் பார்த்த வேலையை இப்போது வீட்டில் மகளோ மருமகளோ பார்க்கிறார். அளவுக் குவளையில் ஊற்றி, நேரம் போட்டு, நோட்டில் எழுதுகிறார். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி, டப்பாவைத் தொங்கவிடத் துணியில் தைத்த சின்னப் பை ஆகியவையும் இன்று சிகிச்சைக் கருவிகளே.

அறுவைக்கான அந்தச் சில மணி நேரத்துக்கும் இந்தியாவிலிருந்து ஒரு புதுமை வந்திருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே தலைமையில் 11 மையங்களில் சுமார் 1,600 பெண்களிடம் ஆய்வு நடந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு, கட்டியை எடுப்பதற்குச் சில நிமிடம் முன்பு, அதைச் சுற்றிலும் லிடோகெயின் ஊசி போடப்பட்டது. பல் பிடுங்கும்போது ஈறில் போடும் அதே மரப்பு மருந்து. ஐந்தாண்டு கழித்து, ஊசி போட்டவர்களில் சுமார் 90 சதவீதமும் போடாதவர்களில் சுமார் 86 சதவீதமும் உயிரோடிருந்தார்கள். கத்தி படும்போது புற்றுச் செல்கள் கிளர்ந்து பரவுவதை மருந்து தடுக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 2023இல் வெளியான முடிவு இது. விலை மிகக் குறைவு என்பதே இதைக் கொண்டாடப் போதுமான காரணம்.

அறுவைக்கு முன்போ பின்போ கீமோ வரும். மருந்தை ஏற்றிக்கொண்டு மாலையே வீடு திரும்பலாம், கட்டில் தேவையில்லை. அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்து போட்டவருக்குச் சிறுநீர் இம்முறை சிவப்பாகப் போகும். இத்தாலியில் ஒரு பழங்கோட்டை அருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரியிடமிருந்து பிறந்த மருந்து அது. நிறமும் அங்கிருந்து வந்ததே.

திட்டமிடாத அட்மிஷன் நேர்வது இந்தக் கீமோ காலத்தில்தான். கீமோவுக்குப் பின் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள், கிருமிகளோடு போரிடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். நலமாக இருப்பவரின் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஆயிரக்கணக்கில் இருப்பவை 500க்கும் கீழே போய்விடலாம். அப்போது நோய்த்தொற்று வந்தாலும் அது தொற்றாகக் காட்டிக்கொள்ளாது. சீழ் என்பதே செத்த நியூட்ரோஃபில்களின் குவியல்தான். அவை இல்லாதபோது சீழ் எங்கிருந்து வரும்? ஊசி போட்ட இடம் சிவக்காது, நுரையீரல் தொற்று எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். மிஞ்சும் அறிகுறி காய்ச்சல் ஒன்றே. நம் வீடுகளில் உடம்பு சுட்டால் பாராசிட்டமால் போட்டுப் படுக்கச் சொல்வது பழக்கம். கீமோ எடுப்பவருக்கு அது ஆபத்து, இருக்கும் ஒரே எச்சரிக்கை மணியையும் அது அமுக்கிவிடும்.

வீட்டுத் தெர்மாமீட்டர் இரவு இரண்டு மணிக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததும் பதிவு மேசையில் சொல்ல வேண்டியது, "கீமோல இருக்காங்க, காய்ச்சல்" என்ற ஒரு வரி. வரிசையில் உட்கார வைக்காமல் உள்ளே அழைத்து, ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றத் தொடங்குவதே முறை. முடிந்தால் தனி அறை. வருகிறவர்கள் கையைக் கழுவிவிட்டுத்தான் கட்டிலருகே போக வேண்டும். தினமும் காலையில் ரத்தப் பரிசோதனை. 200, 300, 450 என்று எண்ணிக்கை ஏறுவதை, பரீட்சை முடிவு பார்ப்பது போல வீட்டார் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். 500ஐத் தாண்டி, காய்ச்சலும் இறங்கி நின்ற பிறகு டிரிப்ஸைக் கழற்றி, அடுத்த கீமோவுக்கு நாள் குறித்துக் கொடுப்பார்கள்.